நடுப்பகலில் ஸ்வெட்டர், மலையில் டீ-சட்டை

(மலேசியாவின் ஈப்போவில் உள்ள புந்தோங்கில் பெற்றோரும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



புந்தோங்கில் நின்றுகொண்டு குளிரைப் பற்றிப் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். மதியம் 33 டிகிரி அடிக்கிற ஊர் இது. ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகள் குளிருக்குள் போகாத ஆண்டு கிடையாது. பள்ளி விடுமுறை என்றால் கேமரன் மலை. மோட்டார் லைசென்ஸ் எடுக்க 16 வயது போதும். கையில் கிடைத்ததும் நண்பர்களோடு சிம்பாங் பூலாய் வழியே இரவோடு இரவாக மலையேறத் துடிக்கிறார்கள். கால் வலுவுள்ளவர்கள் உலு கிந்தாவிலிருந்து 2,183 மீட்டர் உயரமுள்ள கொர்பு மலைக்குப் போகிறார்கள். எஸ்.பி.எம். தேர்வு முடித்து, மேற்படிப்புக்காகப் பனி பெய்யும் நாட்டில் போய் இறங்குகிறவர்களும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் வீட்டு வாசலில் ஒரே உரையாடல்தான் நடக்கிறது. "டேய், ஸ்வெட்டர எடுத்துக்கடா." "வேணாம்மா, குளிராது." "சொல்றதக் கேளு." "போதும்மா லா!" கதவு சாத்தப்படுகிறது. ஸ்வெட்டர் நாற்காலியிலேயே கிடக்கிறது.

இந்த உரையாடல் ஏன் எப்போதும் இப்படியே முடிகிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் குளிர் எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்வோம். மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி. 1978 பிப்ரவரி 1ஆம் தேதி கேமரன் மலையில் பதிவானது. இதே சின்ன நாட்டில்தான் 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 டிகிரி அடித்தது. உயரம் செய்யும் வேலையைப் பாருங்கள். மேலே போகப் போக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கேமரன் மலையின் பிரிஞ்சாங் பட்டணம் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஈப்போவில் இரவு 24 டிகிரி என்றால் அங்கே 14 டிகிரி. சூரியோதயம் பார்க்கப் பிரிஞ்சாங் மலையுச்சிக்கே ஏறினால் இன்னும் மூன்று, நான்கு டிகிரி போய்விடும். காற்றும் தூறலும் இதில் சேரவில்லை. நம் வீட்டிலிருந்து சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடம் என்பதாலேயே அதை வேறு தட்பவெப்பம் என்று உடம்பும் மனமும் ஒப்புக்கொள்வதில்லை. லண்டனுக்குப் போகிறவன் கோட்டு வாங்குகிறான். கேமரன் போகிறவன் செலிப்பரோடு பஸ் ஏறுகிறான்.

இப்போது நீங்கள் எல்லாரும் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். பட்டப்பகல், சிலிபின் சாலை, தார் உருகும் வெயில். நம் பையன் ஒருவன் தடித்த கறுப்பு ஹூடி போட்டு, தொப்பியையும் தலைமேல் இழுத்துவிட்டு மோட்டாரில் போகிறான். நாம் ஸ்வெட்டர் என்று சொல்லும் அதே உடுப்புதான். கழுத்தெல்லாம் வேர்வை, கழற்ற மாட்டான். இதே பையன் டிசம்பர் விடுமுறையில் கேமரன் மலையின் தானா ராத்தாவில் மெல்லிய டீ-சட்டையோடு, உதடு வெளுத்து, இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டு நின்று, "எனக்குக் குளிரவே இல்ல" என்பான். பள்ளிப் பிள்ளைகளோடு மலைக்குப் போய் வந்த காலங்களில் இந்தக் காட்சி என்னைத் தொடர்ந்து யோசிக்க வைத்தது. வெயிலில் கம்பளியும் குளிரில் மெல்லிய துணியும் உடுத்துகிறவனுக்கும் வெப்பமானிக்கும் சம்பந்தமே இல்லை. அவன் வேறொன்றைப் பார்த்து உடுத்துகிறான். பக்கத்தில் நிற்கும் நண்பர்களைப் பார்த்து உடுத்துகிறான்.

இதைப் பெற்றோர் ஒரு குற்றமாகப் பார்க்கிறோம். "மத்தவன் என்ன நினைப்பான்னு பார்க்காதே" என்று புத்தி சொல்கிறோம். அந்த வயதில் அது முடியாத காரியம். மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. சிலரைத் தனியாகவும், சிலரை நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போதும் விளையாடச் செய்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் நண்பர்கள் பார்க்கும்போது ஆபத்தை மிக அதிகமாகத் துணிந்து எடுத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை. நம் பிள்ளை வீட்டில் ஒரு ஆளாகவும் கூட்டத்தில் வேறு ஆளாகவும் இருப்பது வளர்ப்புக் கோளாறு என்று யாரும் மனம் நொந்துகொள்ள வேண்டாம். அந்த வயது அப்படி. 15 வயதில் கேலி என்பது உடம்பில் படுகிற அடி. நாம் எடுத்து நீட்டும் குரங்குக் குல்லாவைப் போட்டுக்கொண்டு அவன் குழுப்படத்தில் நின்றால், அந்தப் படம் அன்றிரவே வகுப்பு வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றும். குளிர் ஒரு நாளில் போய்விடும், அதனால் விழும் பட்டப்பெயர் படிவம் ஐந்து வரைக்கும் ஒட்டிக்கொண்டு வரும். அவன் போடும் கணக்கு இதுதான். அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். குளிருக்கு உடுத்துவதில் நம் மக்களுக்கு ஒரு பழைய காயம் உண்டு. பேராக்கின் பால்மரத் தோட்டங்களிலிருந்து வந்து புந்தோங்கில் குடியேறிய குடும்பங்கள் இந்த அவையில் நிறையவே இருக்கின்றன. விடியற்காலையில்தான் மரப்பட்டைக்குள் அழுத்தம் அதிகம், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டோடு, ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, பனி சொட்டும் காட்டுக்குள் மரம் சீவப் போனார்கள். புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைமேல் மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றி, விளக்கைக் கட்டிக்கொண்டு போன பாட்டிமார்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்தச் சட்டை கொசுவுக்கும் குளிருக்கும் கறைக்கும் சேர்த்து ஒரே காப்பு. இலங்கை மலையகத்தில் இது இன்னும் கடுமை. தமிழ்நாட்டின் வறண்ட சீமையிலிருந்து போனவர்கள் ஐயாயிரம், ஆறாயிரம் அடி உயரத்துக் குளிரில் இறக்கப்பட்டார்கள். அவர்களுக்குத் தோட்டத்திலிருந்து ஒரு கம்பளி கிடைக்கும். விலை பற்றுக்கணக்கில் ஏறும், பிறகு சம்பளத்தில் கழியும். மழைக்கும் பனிக்கும் அதைத் தலைமேல் கொங்காணி போட்டுக்கொண்டுதான் கொழுந்து பறித்தார்கள். கடனாக வந்த போர்வை அது. பார்த்த மாத்திரத்தில் இவர் தோட்டத்து ஆள் என்று காட்டிக்கொடுத்த உடுப்பும் அதுவே. பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதை தெரியாமல் இருக்கலாம். ஆனால் மூத்தவர் நீட்டுகிற பழைய போர்வையில் வறுமையின் வாடை அடிப்பதை அவர்கள் கண்டுகொள்கிறார்கள். ஈப்போவின் பெரிய கடைத்தொகுதிகளுக்குள் நிமிர்ந்து நடக்க விரும்பும் தலைமுறை இது. அந்த நிமிர்வை நாம்தான் அவர்களுக்கு ஊட்டினோம். அதை இழக்கச் சொல்லி ஒரு துணியை நீட்டினால் வாங்க மாட்டார்கள்.

அடுத்து, நாம் சொல்கிற காரணங்கள். "குளிர்ல போனா சளி பிடிக்கும்" என்கிறோம். சளிக்குக் காரணம் வைரஸ். இதைப் பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் படித்துவிடுகிறார்கள். அம்மா சொன்னது தவறு என்று தெரிந்த அன்றே, குளிரைப் பற்றி அம்மா சொல்லும் மற்ற எல்லாமும் சேர்ந்து போய்விடுகிறது. உண்மையான காரணம் அதைவிட வலுவானதாக இருக்கும்போது பலவீனமானதை ஏன் சொல்ல வேண்டும்? மனித உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி. அது 35க்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கிவிட்டது. அதற்குப் பனிக்கட்டி வேண்டியதில்லை. பத்து, பதினைந்து டிகிரியில், நனைந்த உடையோடு காற்றில் மணிக்கணக்காக நின்றாலே போதும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த சட்டை உடம்பின் சூட்டை உறிஞ்சி வெளியே கொண்டுபோய்க்கொண்டே இருக்கும். கொர்பு மலையிலும் பிரிஞ்சாங்கிலும் மழை சொல்லிவிட்டு வருவதில்லை. இதை இப்படியே, எண்ணோடு, ஒரு பெரிய ஆளிடம் பேசுவதுபோல் சொன்னால் பிள்ளைகள் கேட்கிறார்கள். வாதாடுகிறவன்கூட யோசிக்கிறான். நான் பார்த்திருக்கிறேன்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நாம் இன்னொரு தவறு செய்கிறோம். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. மகள் கையில்லாத சட்டையோடு புறப்பட்டால், "குளிரும், மேல ஏதாச்சும் போட்டுக்கோ" என்கிறோம். ஈப்போவில் குளிராது என்பது அவளுக்குத் தெரியும். நாம் உடம்பை மறைக்கச் சொல்கிறோம் என்பதும் தெரியும். அடக்கத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதை அந்தப் பெயரிலேயே பேசுங்கள். குளிரின் பெயரில் பேசினால், நாளைக்கு உண்மையாகவே குளிரும்போது அவள் நம் எச்சரிக்கையையும் மூடிக்கொள்ளச் சொல்லும் இன்னொரு கட்டளையாகத்தான் எடுத்துக்கொள்வாள். ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுங்கும் பெண்பிள்ளைகளை மலையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

மயிலுக்குப் போர்வை தந்த பேகனை நாம் எல்லாரும் பாடத்தில் படித்திருக்கிறோம். கடையெழு வள்ளல்களில் ஒருவன், பரணரும் கபிலரும் பாடிய மலைநாட்டுத் தலைவன். மயில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தான் என்பதில் அவன் உள்ளம் தெரிகிறது. அதனால்தான் இரண்டாயிரம் ஆண்டாகப் பேசுகிறோம். நம் தாய்மார்களின் உள்ளமும் அதேதான், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் மயில் அந்தப் போர்வையை உடுத்தியதாக யாரும் பாடவில்லை. கொடுத்தவன் மனத்தைப் பாடி நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளை விஷயத்தில் நாம் அங்கே நிறுத்த முடியாது. நமக்கு அவன் உடுத்தியாக வேண்டும்.

எப்படி உடுத்த வைப்பது? எனக்குக் கைகொடுத்தவற்றைச் சொல்கிறேன்.

அவனுக்குப் பிடித்ததிலிருந்து தொடங்குங்கள். நம் பையன்களுக்குக் காற்பந்து ஜெர்சி உயிர். மலையேற உள்ளுடையாக அதைவிட நல்லது நம் வீடுகளில் கிடையாது. பருத்தி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எளிதில் காயாது. ஜெர்சியின் பாலியெஸ்டர் வேர்வையை வெளியே தள்ளிச் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆக அடியில் அவனுடைய ஜெர்சி. அதன்மேல் அவனுடைய ஹூடி. சிலிபின் வெயிலில் போட்டுக்கொண்டு சுற்றினானே, அதேதான், வேலை செய்ய வேண்டிய இடத்துக்கு இப்போதுதான் வருகிறது. மேலே காற்றும் மழையும் புகாத ஒரு மெல்லிய மழைச்சட்டை. மூன்று அடுக்கு. அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. ஒரே தடித்த கோட்டைவிட இது மேல். ஏறும்போது வேர்த்தால் ஒன்றைக் கழற்றலாம், நின்றால் போட்டுக்கொள்ளலாம். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம். நனைந்தால் கனக்கும், இரவு முழுக்கக் காயாது.

வாங்க வேண்டியிருந்தால் அவன் கையில் காசைக் கொடுத்துப் பண்டல் கடைக்கு அனுப்புங்கள். குளிர் நாடுகளிலிருந்து வரும் பழைய ஜாக்கெட்டுகள் அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும். இலங்கையில் நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் பேல் பஜாரில் இப்படித்தான் குளிருடுப்பு வாங்குகிறார்கள். அம்மா வாங்கிக் கொடுத்த புது ஜாக்கெட்டை நாற்காலியில் போட்டுவிட்டுப் போகிறவன், தானே கிளறித் தேடி, பேரம் பேசி, பிராண்டு பார்த்து எடுத்த பழைய ஜாக்கெட்டைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறான். நிறம் உங்களுக்குப் பிடிக்காது. இருக்கட்டும். இருட்டிலும் மூடுபனியிலும் தெரிகிற நிறமாக ஒன்று எடுக்கச் சொல்லுங்கள், மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.

பள்ளி ஏற்பாடு செய்யும் பயணம் என்றால், ஆசிரியர்களே, உங்கள் கையில்தான் பெரிய சாவி இருக்கிறது. நீலகிரியில் ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களில் புல்வெளியில் உறைபனி படியும். அங்கே பள்ளிச் சீருடையிலேயே ஸ்வெட்டர் உண்டு. ஒரு வகுப்பே போட்டிருக்கும்போது யாரை யார் கேலி செய்வது? அதுபோல் குழுவுக்கு ஒரே மாதிரி ஒரு மேல்சட்டை அச்சடியுங்கள். இப்போதே பயணத்துக்கு டீ-சட்டை அடிக்கிறீர்கள், அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு முழுக்கையுள்ளதாக அடியுங்கள். முதுகில் எழுத வேண்டிய வாசகத்தைப் பிள்ளைகளே எழுதட்டும். குழுவில் எல்லாரும் மதிக்கிற மாணவர் ஒருவர் இருப்பார். ஆணோ பெண்ணோ, முதலில் அவரிடம் பேசுங்கள். சிம்பாங் பூலாயில் பஸ் நிற்கும்போது அவர் எழுந்து தன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டால் உங்கள் அறிவிப்புக்கு வேலையே இல்லை. இன்னொரு சின்ன விஷயம், பலமுறை பார்த்து மனம் கசந்தது. பை எல்லாம் பஸ்ஸின் அடிவயிற்றில் பூட்டிக் கிடக்கும், பிள்ளைகள் மேலே ஏசியிலும் மலைக்காற்றிலும் உறைந்துகொண்டிருப்பார்கள். குளிருடுப்பு மடியில் இருக்க வேண்டும். "போட்டுக்கோ" என்று நச்சரிக்காதீர்கள். "கையில வச்சிரு" என்று மட்டும் சொல்லுங்கள். வைத்திருக்கச் சொன்னால் மறுப்பவர் மிகக் குறைவு. குளிர் வந்ததும் தானே போட்டுக்கொள்வான், யாரும் வெற்றி பெற்றதாக ஆகாது.

மோட்டாரில் போகும் தம்பிகளிடம் கொஞ்சம் அழுத்தியே பேசுகிறேன். நம் நாட்டில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டுவது வழக்கம். நெஞ்சில் காற்று புகாமல் தடுக்க நம் மக்கள் தாங்களாகக் கண்ட வழி. நகருக்குள் சரி. ஆனால் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா போகும் மலைப்பாதைக்கு அது போதாது. கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் கையாளும் காற்றுக்குளிர்க் கணக்கின்படி, 10 டிகிரியில் மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்தால் தோலுக்கு அது ஏறத்தாழ 4 டிகிரிபோல் இருக்கும். காற்று வீச வேண்டியதில்லை, நீங்கள் ஓட்டும் வேகமே காற்று. முதலில் போவது விரல். உடம்பு தன் நடுப்பகுதியைக் காப்பாற்றக் கைகால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். விரல் மரத்தால் பிரேக்கைப் பிடிக்கச் சற்றுத் தாமதமாகும். மூடுபனியில், வளைவில், முன்னால் காய்கறி லோரி நிற்கும்போது அந்தச் சற்றுத் தாமதம் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையுறை போடுங்கள். நண்பன் சிரித்தால் சிரிக்கட்டும் என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்களுக்கு எவ்வளவு கடினம் என்று தெரியும். அவனுக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். ஹார்ட்வேர் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது.

முடிக்கும் முன், இளைஞர்களுக்கு மட்டும் ஒன்று. மலையில் உங்களோடு வந்தவன் குளிரில் சிக்கினால் எப்படித் தெரியும்? முதலில் நடுங்குவான். நடுக்கம் நல்லது, உடம்பு சூட்டை உண்டாக்கப் போராடுகிறது என்று பொருள். பிறகு பேச்சு குழறும், கால் தடுமாறும், ஜிப்பைப் போடக் கை வராது. அப்போது "நல்லாத்தான் இருக்கேன்" என்பான். அந்தப் பதிலை நம்பாதீர்கள். குளிர் மூளையையும் மந்தமாக்கிவிடும். தன் நிலை அவனுக்கே தெரியாது. உடம்பு சூடேறாமலேயே நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை மோசமாகிவிட்டது. அவனைத் தனியே விட்டுவிட்டு யாரும் முன்னே போகக் கூடாது. காற்றுப்படாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஈர உடையைக் கழற்றி, யாரிடம் காய்ந்தது இருக்கிறதோ அதை மாட்டிவிடுங்கள். வெறும் தரையில் உட்கார வைக்காதீர்கள், கீழே பையைப் போடுங்கள். தெளிவாக விழுங்க முடிகிறது என்றால் சூடாக, இனிப்பாக மைலோ கொடுங்கள். கைகால்களைப் பரபரவென்று தேய்க்காதீர்கள். சரக்கு சூடு தரும் என்று எவனாவது சொல்வான். அது தோலுக்கு இரத்தத்தைத் திருப்பி, உள்ளே இருக்கும் கொஞ்சச் சூட்டையும் வெளியேற்றிவிடும். பேச்சு தெளியவில்லை என்றால் 999ஐ அழையுங்கள். மலையில் பல இடங்களில் தொடர்பு கிடைக்காது. அதனால் எங்கே சிக்னல் கிடைக்கும் என்பதை ஏறத் தொடங்கும்போதே வழிகாட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேள்விகளுக்கு வருவோம். பின்வரிசையிலிருந்து தொடங்கலாம்.